மாடிக்கு வராத தண்ணீர்

விருத்தாசலத்தில் தில்லைநாயகத்துக்கு அவருடைய அப்பா கட்டிய மாடி வீடு. கீழே அவர் தனியாக இருந்தார். மாடியில் தம்பி அம்பலவாணனும் அவன் மனைவி பூங்கோதையும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாய்தான் இரண்டு குளியலறைக்கும். கீழே திறந்தால் மாடியில் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிடும்.

தில்லைநாயகம் காலையில் ஷவரைத் திறந்துவிட்டு, ஒரு பதிகத்தை முழுசாகப் பாடி முடித்துத்தான் வெளியே வருவார். மாலையில் மடத்துக்குப் போய் நிறைமதி அம்மாவிடம் பாடம் கேட்பார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

பூங்கோதை வேலைக்குப் போகிறவள். அவளும் அந்த நேரத்தில்தான் குளித்தாக வேண்டும். தலையில் சீயக்காயோடு நிற்கும்போது தண்ணீர் நின்றால், சொம்பால் தரையைத் தட்டுவாள். கீழே நன்றாகவே கேட்கும். அவர் பாட்டை நிறுத்தமாட்டார்.

"அண்ணே, தொட்டியைக் கொஞ்சம் உசத்தி, மாடிக்குத் தனியா ஒரு லைன் இழுத்துட்டா சரியாயிடும்னு பிளம்பர் சொல்றார்."

"செவுத்தை உடைக்கணும்டா. கொஞ்சம் அனுசரிச்சுக்கச் சொல்லு."

தம்பி பலமுறை கேட்டான். பிறகு கேட்பதை விட்டான். தை பிறந்ததும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகும்போது பூங்கோதை அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

அதன்பின் மேலேயிருந்து சத்தமே இல்லை. தில்லைநாயகம் பாட ஆரம்பிப்பார். பாதியில் வரி மறந்துபோகும்.

பிளம்பரைக் கூப்பிட்டார். சுவரை உடைத்தார்கள். தொட்டி உயர்ந்தது, புதுக்குழாய் இறங்கியது. வேலை முடிந்ததும் மாடிக்குப் போய்த் திறந்து பார்த்தார். தண்ணீர் கொட்டியது. வேட்டி நனைய அங்கேயே நின்றார்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனார். பூங்கோதை தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். இறக்கிவைத்த கையோடு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"மாடியில இப்ப நல்லா வருதும்மா. வந்துடுங்க."

"ரொம்ப சந்தோஷம் மாமா. நாங்க இங்கேயே இருந்துக்கறோம்."

தம்பி தலை குனிந்துகொண்டான். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பார்.

அங்கிருந்து நேராக மடத்துக்கு வந்தார். நிறைமதி அம்மா ஏட்டைப் பிரிக்கப் போனார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

தில்லைநாயகம் நடந்ததையெல்லாம் சொன்னார். "தப்பு எம்மேலதான். அதான் செவுத்தை உடைச்சு எல்லாத்தையும் சரிபண்ணிட்டேனே, அம்மா."

"சரி."

"அந்த வீட்டுல குழாயே இல்ல. தினமும் குடம் குடமாச் சுமக்கிறா. நம்ம வீட்டுல திறந்தா கொட்டுது. கூப்பிட்டும் வரமாட்டேங்கறாளே, ஏம்மா?"

அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"அங்க தண்ணி இல்ல. அதனால சுமக்கறாங்க. உங்க வீட்டுல அப்பவும் தண்ணி இருந்துச்சு."