கரியாள் தோண்டிய குளம்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. காலையில் மான்கள் குளிக்கும். உச்சிவெயிலில் யானைகள் குளிக்கும். சாயங்காலம் காட்டெருமைகள் இறங்கும். அந்த முறையை வகுத்தது திமிலன் என்ற காட்டெருமைத் தலைவன். பன்றிகளுக்கு மட்டும் அவன் எந்த வேளையையும் ஒதுக்கவில்லை.

கரியாள் என்ற காட்டுப்பன்றிக்கு நான்கு குட்டிகள். அந்தக் கோடையில் குட்டிகளின் உடம்பெல்லாம் உண்ணி ஏறிவிட்டது. நாலும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டன. கடைக்குட்டி பால் குடிப்பதையே நிறுத்திவிட்டது.

கரியாள் குட்டிகளோடு குளக்கரைக்கு ஓடினாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை! குட்டிகளை முக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்!"

திமிலன் வழியை மறித்து நின்றான். "நீங்கள் இறங்கினால் குளமே நாறிப்போகும். போ, போ!"

"அப்படியென்றால் நாங்கள் எங்கே குளிப்பது?"

"அது உன் பாடு!"

கரியாள் அழவில்லை. "சரி. எனக்கு ஒரு குளத்தை நானே தோண்டிக்கொள்கிறேன்" என்றாள்.

கரையில் நின்ற மான்கள் சிரித்துவிட்டன.

அன்றே வறண்ட ஓடையில் இறங்கித் தோண்ட ஆரம்பித்தாள். முதல் குழியில் பாறை தட்டியது. இரண்டாவது குழியில் மணல் சரிந்து மூடியது. மூன்றாவது குழியில் வெறும் புழுதிதான் கிளம்பியது. மூக்கு கிழிந்து ரத்தம் வந்தது.

அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உடும்பு கிட்டே வந்தது. "அக்கா, அந்த நாவல் மரத்தடியில்தான் என் வளை இருக்கிறது. இந்தக் கோடையிலும் அதன் அடிமண் ஈரமாகவே இருக்கும். அங்கே தோண்டிப் பாருங்களேன்!"

"உன் வளை இடிந்துபோகுமே, தம்பி?"

"வேறு வளை பறித்துக்கொள்வேன். முதலில் குட்டியைப் பாருங்கள்!"

இருவரும் சேர்ந்து தோண்டினார்கள். ஐந்தாம் நாள் காலையில் மண் குளிர்ந்தது. மத்தியானம் தண்ணீர் ஊறியது. குட்டிகள் சேற்றில் விழுந்து புரண்டன. காய்ந்த சேற்றை மரத்தில் உரசியபோது உண்ணிகளும் சேர்ந்து உதிர்ந்தன. தண்ணீர் ஊறிய மூன்றாம் நாள் கடைக்குட்டி தாயின் மடியைத் தேடி முட்டியது. அப்போதுதான் கரியாள் நிம்மதியாகப் படுத்தாள்.

கோடை முற்ற முற்றப் பழைய குளம் வற்றியது. காட்டெருமைகள் முறையெல்லாம் மறந்து நாள் முழுக்க அதிலேயே கிடந்தன. பல வருஷத்துச் சேற்றை யாரும் அள்ளியதே இல்லை. தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. திமிலனின் கன்றுக்கே உடம்பெல்லாம் சிரங்கு வந்துவிட்டது.

ஒரு நாள் திமிலன் கன்றோடு நாவல் மரத்தடிக்கு வந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"கன்று மட்டும் குளித்துக்கொள்ளட்டுமா?"

"கன்றும் வரட்டும், நீங்களும் வாருங்கள். இங்கே யாரையும் தடுப்பதில்லை. ஆனால் குளிக்கிறவர்கள் போகும்போது கொஞ்சம் சேறு அள்ளிக் கரையில் போட வேண்டும்."

"நானா? சேறு அள்ளுவதா?"

"இந்த மூக்கால் நான் அள்ளவில்லையா? உங்களுக்கு அவ்வளவு பெரிய கொம்பு இருக்கிறதே!"

அதற்குள் கன்று தண்ணீரில் குதித்துவிட்டது. திமிலன் கொம்பைத் தாழ்த்திச் சேற்றை முட்டித் தள்ளினான்.

மறுநாள் விடிந்ததும் கரியாள் பழைய குளத்தை நோக்கி நடந்தாள்.

"எங்கே அக்கா?" என்று உடும்பு கேட்டது.

"அதையும் தூர் வார வேண்டாமா? வா!"

கரையில் நின்ற திமிலன் விலகி வழிவிட்டான். பிறகு அவனும் அவள் பின்னாலேயே சேற்றில் இறங்கினான்.

பொதுத் தண்ணீரில் குளிக்கும் உரிமையும் அதைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமையும் எல்லோருக்கும் சமம்.