ஒன்பது வாட் பல்பும் மூன்று அண்ணன் தம்பிகளும்

கரட்டுப்பாறையில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். மூத்தவன் மூக்காண்டி, நடுவுள்ளவன் சொரிமுத்து, கடைக்குட்டி பேச்சிமுத்து. கடைக்குட்டிக்கு முப்பத்தொன்பது வயது. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவர்கள் இருவரும் அந்த ஆசையை விட்டுவிட்டார்கள். பேச்சிமுத்து மட்டும் விடவில்லை.

போன தையில் அவனுக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணின் தாய்மாமன் நயினார் வீடு பார்க்க வந்தார். கூடத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு, புகை படிந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் மூக்காண்டியைத் தூண் என்று நினைத்துச் சாய்ந்துகொண்டார். பெரியவர் வசதியாகச் சாயட்டும் என்று மூக்காண்டியும் அசையாமல் நின்றான். நயினார் காபி குடித்து முடித்ததும் தூண் ஏப்பம் விட்டது.

நயினார் துள்ளி எழுந்தார். "இந்த இருட்டுக்குள்ள எங்க பிள்ளையைத் தர முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்லக்கனியையும் கூட்டிட்டு வாரேன். நல்ல பல்பா மாட்டி வைங்க. இல்லன்னா இந்தப் பேச்சை இதோட விட்ருவோம்."

பேச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அண்ணன்மார் இருவரும் அவன் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு அவனை டவுனுக்குக் கூட்டிப் போனார்கள்.

எலக்ட்ரிக் கடைக்காரர் பொறுமையான மனிதர். "எல்இடி பல்பு வாங்குங்க. இந்த ஒன்பது வாட், உங்க பழைய அறுபது வாட் அளவுக்கு வெளிச்சம் தரும். சும்மா உக்கார்ற இடத்துக்கு மஞ்சள் வெளிச்சம், வேலை செய்யுற இடத்துக்கு வெள்ளை. முக்கியமா, ஆள் இல்லாத அறையில லைட் எரியக் கூடாது" என்றார்.

மறந்துவிடாமல் இருக்க மூன்று பேச்சையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, வாங்கிய பல்புகளோடு பஸ் ஏறினார்கள். வழியில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேசினால் கலந்துவிடும்.

முதல் பேச்சு மூக்காண்டியுடையது. ஒன்பதும் அறுபதும் சமமா என்று பார்க்க, இரண்டு பல்பையும் ஒரே கூடத்தில் ஒன்றாக எரியவிட்டான். சுவரில் விழும் வெளிச்சத்தில் புதுசு எது, பழசு எது என்று பிரிக்க முயன்று மூவருக்கும் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

அடுத்தது பேச்சிமுத்துவுடையது. கூடத்தில் மஞ்சள், அடுப்படியில் வெள்ளை. சாப்பாட்டு நேரத்தில் சிக்கல் வந்தது.

"சாப்பிடுறது வேலையா, சும்மா இருக்கிறதா?" என்றான் மூக்காண்டி.

"மத்தவங்களுக்கு எப்படின்னு தெரியாது. உம்மைப் பார்த்தா வேலை மாதிரித்தான் இருக்கு அண்ணே" என்றான் சொரிமுத்து.

கடைசியில், வெள்ளை வெளிச்சத்தில் பிசைந்து, வாயில் போட்டுக்கொண்டு, மஞ்சள் வெளிச்சத்துக்கு வந்து மெல்லுவது என்று முடிவாயிற்று. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒவ்வொருவனும் நாற்பது தடவை நடந்தான்.

மூன்றாவது சொரிமுத்துவின் பேச்சு. அதுதான் எனக்கு வினையாக வந்தது.

"அண்ணே, கூடத்துல ஆள் இல்லன்னா லைட்டை அணைக்கணும். சுவிட்சு உள்ள இருக்கு. அணைக்க உள்ள போனா ஆள் இருக்கு. ஆள் இருக்கும்போது எதுக்கு அணைக்கணும்?"

"வெளிய வந்துரு."

"வந்தா ஆள் இல்ல, லைட் எரியுது."

அரை நாள் யோசித்துவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரை உடைத்தார்கள். அது என் வீட்டுச் சந்துப் பக்கம் இருந்த சுவர். பெயர்ந்த செங்கல் மூன்றும் சந்தில் இருந்த என் வெந்நீர் அண்டாவில் விழுந்தன. அண்டா ஒழுகுகிறதா என்று இன்றுவரை ஒருவனும் வந்து கேட்கவில்லை.

சொரிமுத்து ஓட்டை வழியாகக் கையை விட்டான். மூக்காண்டி தடுத்தான்.

"கை உள்ள இருக்குலே. ஆள் இருக்கிற மாதிரிதானே?"

"கை எப்படி ஆளாகும்?"

"ரேஷன் கடையில கைரேகைக்குத்தானலே அரிசி போடுதான்!"

சொரிமுத்து கையை எடுத்துவிட்டு, மாங்காய் பறிக்கும் துரட்டிக் கம்பைக் கொண்டு வந்தான். கம்புக்கு ரேஷன் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. வீடு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. மூவரும் மரியாதையாக வாசலுக்கு ஓடினார்கள். ஓடியதால் கூடத்தில் ஆள் இல்லை. சொரிமுத்து சந்துக்குள் போய்த் துரட்டியால் அணைத்துவிட்டு வந்தான்.

"என்னய்யா, அன்னைக்கு மங்கலாவாவது இருந்துச்சு" என்றார் நயினார்.

"நீங்க உள்ள போங்க, போட்டுருவோம்" என்றான் மூக்காண்டி.

"போட்டாத்தான் உள்ள போவேன்."

"போனாத்தான் போடலாம். ஆள் இல்லாம எரியக் கூடாதுல்லா?"

நயினார் செருப்பைக் கழற்றி அடிப்பார் என்று நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மோவாயைத் தடவி, "அதுவும் நியாயமாத்தான் இருக்கு" என்றார். ஒரு மணி நேரம் எல்லோரும் தெருவில் நின்று நியாயத்தை யோசித்தார்கள். கொசு கடித்தது.

பேச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, அணைச்சது அண்ணன். கல்யாணம் எனக்குல்லா?"

அப்போது செல்லக்கனி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "மாமா, நாம பகல்ல வந்தா லைட்டே வேண்டாமே."

மூக்காண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தப் புத்தி எங்க வீட்டுக்கு வேணும் தாயி" என்றான். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து தட்டு மாற்றினார்கள். சித்திரையில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

வந்த ஒரு வாரத்தில் செல்லக்கனி ஒரு பெரிய வீண்செலவைக் கண்டுபிடித்தாள். முற்றத்தில் ஆளே இல்லாமல் காலை முதல் மாலை வரை வெயில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத் துரட்டி எட்டவில்லை. அதனால் இப்போது நால்வரும் ஆளுக்கு மூன்று மணி நேரம் முறை வைத்து முற்றத்தில் நிற்கிறார்கள்.

நேற்று மத்தியானம் பேச்சிமுத்துவின் முறை. திடீரென்று மேகம் மூடியது. அவன் முற்றத்தின் நடுவில் நின்றபடியே வீட்டைப் பார்த்துக் கத்தினான்:

"எவம்லே அணைச்சது? உள்ள ஆள் இருக்கேன்!"