எடை குறைந்த விறகு

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். கொடைக்கானல் மலையில் மங்கையர்க்கரசி அம்மையின் மடத்தில் அப்படி அசையாமல் தின்றது கணப்பு அடுப்பு. மார்கழி வந்தால் அரிசிக்கு வைத்த பணமெல்லாம் விறகாகி அதற்குள் போய்விடும். போன வருஷம் மடத்தில் எல்லோரும் கஞ்சி குடித்துத்தான் குளிர் காய்ந்தார்கள்.

சீடர்களில் மூத்தவர் தெய்வநாயகம். கம்பத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர். அம்மையைவிட இருபது வயது பெரியவர். மண்டியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தார். தராசை மட்டும் விட மனமில்லாமல் மலைக்குத் தூக்கி வந்துவிட்டார், பாவம். விறகுக்கு வழி சொன்னதும் அவர்தான்.

"காத்துல சாஞ்ச மரத்தை மலிவா வாங்குவோம்மா. நாமளே பிளப்போம். பாதியை வித்தா மீதிப் பாதி நமக்குச் சும்மா."

"நல்லது ஐயா. ஆனா ஈரத்தோட விக்கக் கூடாது."

சித்திரையில் பிளந்து, கட்டுக் கட்டாகக் கட்டிக் கொட்டகையில் அடுக்கினார்கள். அரிசிக்காரர் கை சும்மா இருக்குமா? அவ்வப்போது ஒரு கட்டைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் எடை குறைந்திருக்கும். அவருக்கு வயிறு எரிந்தது.

கார்த்திகையில் ஒருநாள் காலை அம்மையிடம் வந்தார்.

"பன்னிரண்டு கிலோ இருந்த கட்டு இப்ப ஏழு கிலோம்மா. எடைக்கு விக்கிற பண்டம். பச்சையா வித்திருந்தா..."

பிறகு மனதில் கிடந்தது வெளியே வந்தது.

"நானும் அப்படித்தான் ஆயிட்டேன். மண்டியில நான் செருமினா நாலு பேரு எந்திரிச்சு நிப்பான். பேரு இருந்துச்சு, வீம்பு இருந்துச்சு. இங்க வந்து எல்லாம் கரைஞ்சு போச்சு. இப்ப யாராவது திட்டினாக்கூடக் கோபம் வரலை. சேர்ந்தது என்னன்னு பார்த்தா ஒண்ணுமில்ல. நாளைக்குப் பஸ் ஏறிடலாம்னு இருக்கேன்மா."

அம்மை வாசலைப் பார்த்தார். விறகு வாங்க டீக்கடை இருதயராஜ் வந்து நின்றிருந்தார்.

"முதல்ல அவருக்கு விறகு நிறுத்துக் குடுங்க ஐயா."

இருதயராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நல்லாக் காஞ்சதுதானே? வீட்ல பச்சைப்பிள்ளை இருக்கு. போன வாரம் வேற இடத்துல வாங்கினது ஒரே புகை. பிள்ளைக்கு மூச்சு முட்டிப்போச்சு. ராத்திரி அடுப்பை அணைச்சுட்டு நடுங்கிட்டுக் கிடந்தோம்."

தெய்வநாயகம் நிறுத்தார். அடுக்க அடுக்கத் தட்டு இறங்கவே இல்லை. கேட்ட எடை வந்தபோது விறகு ஒரு குவியலாக இருந்தது.

"இவ்வளவுமா எனக்கு?"

"எடைக்கு எடை சரி. எடுத்துட்டுப் போப்பா" என்றார் தெய்வநாயகம். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

சாயங்காலமே இருதயராஜ் திரும்பி வந்தார். கூடவே பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்.

"ஒரே குச்சியில பத்திக்கிச்சு ஐயா. புகையே இல்ல. பிள்ளை கதகதன்னு தூங்குது. இவங்களுக்கும் அதே விறகுதான் வேணுமாம்."

அவர்கள் சுமந்துகொண்டு போனதும் தெய்வநாயகம் தராசடியிலேயே நின்றார். இப்படியே போனால் இந்த வருஷம் கஞ்சி குடிக்க வேண்டியிருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் வியாபாரி மனசு அவ்வளவு லேசில் அடங்குமா?

"அம்மா, காலையில சொன்னதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே. கட்டுக்கு அஞ்சு கிலோ காத்தோட போயிருக்கு."

அம்மை கணப்பில் ஒரு விறகை வைத்தார். அது உடனே பற்றிக்கொண்டது.

"போனது விறகா ஐயா, தண்ணியா?"