பாதித் தட்டு காளான்

பத்தாவதோடு நின்ற எனக்குத் தொழில் பயிற்சி கொடுத்தவர் ஆபிதா மிஸ். பயிற்சி முடிந்ததும் அந்தத் திட்ட ஆபீஸில் ஒரு தள்ளுவண்டி தந்தார்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாவில் பிரட்டிப் பொரித்து மசாலாவில் கிண்டித் தரும் காளான் கடை போட்டேன்.

முதல் வாரம் மிஸ்ஸும், என்னோடு பயிற்சி எடுத்த பேட்ச் பசங்களும் வந்தார்கள். அப்புறம் அவரவர் பொழப்பு. வாட்ஸப் குரூப்பில் குட் மார்னிங் கூட நின்றுபோனது. அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க ஒற்றையாக நிற்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

நாளைக்கு ஆபீஸிலிருந்து பார்க்க வருகிறார்கள். கடை ஓடவில்லை என்றால் வண்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். வந்தார்.

"மிஸ், நாளைக்கு நம்ம பேட்ச வரச் சொல்லுங்க. சும்மா கூட்டமா நின்னாப் போதும்."

மிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு தட்டு போடு ஜூலி."

போட்டேன். அந்த நேரம் ஒரு ஆட்டோக்காரர் வந்து அவரும் ஒரு தட்டு கேட்டார். பாதி தின்றார். மீதியைக் குப்பை டிரம்மில் கொட்டிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தீங்களா மிஸ் திமிர?"

"என்ன குறைன்னு கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? முன்னப் பின்ன தெரியாத ஆளு. நம்ம பசங்க தட்ட வழிச்சுத் தின்னாங்க. நீங்களே கை தட்டுனீங்க."

"தட்டுனேன்."

"அப்ப அது பொய்யா?"

மிஸ் தன் தட்டை வண்டி மேல் வைத்தார். பாதி அப்படியே இருந்தது.

"நீங்களுமா?"

"அன்னைக்கு ஜூலி கடைன்னு சாப்பிட்டேன். இன்னைக்கு ஏதோ ஒரு கடைன்னு நினைச்சுச் சாப்பிட்டுப் பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தட்டிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன். கடை போட்டதிலிருந்து நான் ருசி பார்த்ததே இல்லை. மாவு வேகவில்லை. நாக்கில் பசை மாதிரி ஒட்டியது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜனங்க வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுப்பைக் கூட்டி வைத்தேன்.

"பேட்ச் வேண்டாம் மிஸ். ஆனா நாளைக்கு யாருதான் வருவாங்க?"

மிஸ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உன்னைத் தெரியாதவங்க."