நடுவில் கேட்ட கேள்வி

செங்கமலம் குடத்தோடு கிணற்றுக்குப் போகும் பாதையை மிராசு அரசப்பன் வேலி போட்டு அடைத்துவிட்டார். அவள் வழக்குப் போட்டாள். "என் வயலில் பாதையே கிடையாது" என்று அவர் கோர்ட்டில் சாதித்தார். அவருடைய வக்கீல் அவளிடம் ஒரு கட்டுக் கேள்விகளை நீட்டினார்.

"இதுக்குப் பேரு இன்டராகேட்டரி. சத்தியம் பண்ணிப் பதில் சொல்லணும்."

"பேரே வாயில நுழையலையே, அப்படின்னா என்னங்கய்யா?"

"லத்தீன் சொல்லும்மா! இன்டர்னா நடுவிலே, ரொகாரேன்னா கேக்கறது. உனக்கு எங்கே புரியப்போகுது?"

"நல்லாப் புரியுது. ரெண்டு பேருக்கு நடுவிலேன்னா, நானும் கேக்கலாம்ல?"

ஜட்ஜ் சிரித்துவிட்டார். "கேளும்மா, சட்டத்துல இடமிருக்கு."

செங்கமலம் அரசப்பன் பக்கம் திரும்பினாள். "முளைப்பாரியைக் கிணத்துல கரைக்கக் கொண்டுபோறப்ப, வழியில உங்க தலையில மரியாதைக்குப் பரிவட்டம் கட்டுறாங்கன்னு சொல்வீங்களே, அது நெசமாவே நடக்குதா, சும்மா பெருமைக்கா?"

அரசப்பனுக்கு மீசை துடித்தது. "என்ன பேச்சு பேசுறே? எங்க தாத்தா காலத்திலேருந்து என் வயல் நடுவுல, அந்தக் கிணத்துப் பாதையிலதான் ஊரே நின்னு கட்டுது!"

வக்கீல் தலையில் கை வைத்தார். ஜட்ஜ் வேலியைப் பிரிக்கச் சொன்னார்.

அடுத்த முளைப்பாரிக்கும் அதே பாதையில் அரசப்பனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்று குலவை போட்டவள் செங்கமலம்தான்.