விரிசல் விட்ட வாரன்டி

ராஜாவுக்கு எதுக்குய்யா சைக்கிள் என்று கேட்காதீர்கள். கொடுக்காப்புளியூர் ராஜா வீரகஜேந்திரருக்குக் குதிரை தாங்கவில்லை. மூன்று குதிரைகள் முட்டி மடங்கி உட்கார்ந்த பிறகு, வைத்தியர் பயந்து பயந்து சொன்னார்: "மகாராஜா சைக்கிள் மிதித்தால் உடம்புக்கு நல்லது." குதிரைகளுக்கும் நல்லது என்பதை அவர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

வந்தது ஒரு கார்பன் சைக்கிள். கன்னங்கரேலென்று மினுமினுத்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம், முறத்தைத் தூக்குகிற மாதிரி. விற்ற வஜ்ரத்தும்பி கம்பெனிக்காரர்கள் சத்தியமே செய்தார்கள்: "ஃபிரேமுக்கு ஆயுள் முழுக்க வாரன்டி! உடைந்தால் புதுசு!"

ஒருநாள் மலையடிவாரத்தில் ராஜா மிதித்துக்கொண்டிருக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். சீட்டுக்குக் கீழே ஃபிரேம் விரிசல் விட்டுவிட்டது. ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபம் மட்டும் வந்தது.

ஆள் போனது, கம்பெனியின் ஏஜென்ட் நீலமேகம் வந்து சேர்ந்தார். கொளுத்துகிற வெயிலில் கோட்டு. சும்மா வரவில்லை, அதே மாதிரி புதுச் சைக்கிள் ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ராஜா பார்த்து ஆசைப்படட்டும் என்று சபை நடுவில் பெட்டியைப் பிரித்துப் பாகங்களைத் தானே பூட்டினார். உதவப் போன ஆட்களைத் தடுத்துவிட்டார். "தொடாதீங்க, தொடாதீங்க! போல்ட் முறுக்குறதுக்கே எங்க கம்பெனியில தனிப் படிப்பு இருக்கு." பூட்டி முடித்துச் சைக்கிளை வெளி முற்றத்தில் நிறுத்தினார்.

"உடைஞ்ச சைக்கிள் லாயத்தில் நிற்குது. விரிசலைப் பார்க்க வர்றீரா?" என்று கேட்டார் மந்திரி.

"சைக்கிளை நேரில் பார்க்கிற வழக்கமே எங்களுக்கு இல்லைங்க. படம் போதும்."

செல்போனில் படத்தைக் காட்டினார்கள். நீலமேகம் பார்த்தார். அதிக பாரம் என்று சொல்ல வாயெடுத்தவர், சிம்மாசனத்தை நிறைத்துக்கொண்டிருந்த ராஜாவை ஒரு பார்வை பார்த்தார். தலை கழுத்தில் இருக்கவேண்டுமே! சட்டென்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

"சந்தேகமே இல்லை. சீட் போல்ட்டை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்காங்க. இதுக்கெல்லாம் வாரன்டி செல்லாது. மகாராஜாவுக்காகப் புதுசைப் பாதி விலைக்குத் தரலாம்."

"போல்ட்டை முறுக்கினது எவன்?" ராஜா கர்ஜித்தார்.

சைக்கிளைப் பராமரிக்கும் சுடலைமுத்துவை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"போல்ட்டை முறுக்கினவனுக்கு மொட்டை அடியுங்கள்! கழுதை மேல் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவாருங்கள்!"

சுடலைமுத்து அப்படியே விழுந்தான். "மகாராசா! தை பிறந்தா எம் மகளுக்குக் கல்யாணம். நான் ஊரிலேயே இல்லாம அவளை யாரு தாரை வார்த்துக் குடுப்பா? நான் அளவாத்தான் முறுக்கினேன் சாமி!"

யார் காதில் விழுந்தது? கழுதை பிடிக்க ஆள் ஓடிவிட்டான்.

அப்போது அறம்வளர்த்தாள் எழுந்தாள். சபையில் மனுக்களை வாசிக்கிறவள். அவள் எழுந்தாலே மந்திரி வாசலைப் பார்ப்பார்.

"மகாராஜா, ஒரு சின்ன விண்ணப்பம். அந்தப் படம் கலங்கலாக இருக்கிறது. ஒருத்தன் குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்போகிற காரியம். கிட்டே போய் வேறொரு படம் எடுத்து வருகிறேன்."

ராஜா தலையசைத்தார். அவள் செல்போனோடு வெளியே போனாள்; கொஞ்ச நேரத்தில் திரும்பினாள்.

"பாருங்கள் ஐயா. இப்போது தெரிகிறதா?"

நீலமேகம் பார்த்தார். கறுப்புக் குழாய், சீட் போல்ட், அதற்குக் கீழே வளைந்து ஓடும் மெல்லிய கோடு. முகம் மலர்ந்துவிட்டது.

"ஆகா! இதில் பளிச்சென்று தெரியுது. போல்ட் முறுக்கினதால வந்த விரிசலேதான்!"

"கம்பெனியில் செய்த குறையாக இருக்காதே?"

"எங்க கம்பெனியா? சான்ஸே இல்லை!"

"அப்படியானால் இந்தப் போல்ட்டை முறுக்கியவர்தான் குற்றவாளி. சபையறியச் சொல்வீர்களா?"

"சபையறியச் சொல்றேன். எங்க குலதெய்வத்து மேல ஆணையாச் சொல்றேன்!"

"கழுதை வந்தாச்சா?" என்றார் ராஜா.

"வாசலில் நிற்கிறது மகாராஜா. ஏறவேண்டிய ஆள்தான் மாறிவிட்டார்," என்றாள் அறம்வளர்த்தாள். "இது லாயத்துச் சைக்கிள் இல்லை. முற்றத்தில் நிற்கிற புதுச் சைக்கிள். அந்தக் கோடு என் தலைமுடி. விளக்கெண்ணெய் தொட்டு ஒட்டினேன்."

நீலமேகத்தின் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. "அது... முடிதானே... அது விரிசல் இல்லையே..."

"விரிசல்தான் என்று குலதெய்வத்தையே சாட்சிக்கு இழுத்தீரே! உம் வாக்கு மெய்யென்றால், இந்தப் போல்ட்டை முறுக்கியவர் நீர். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய்யென்றால், முடி எது விரிசல் எது என்று உமக்குத் தெரியாது. சுடலைமுத்து மேல் சொன்னதும் அப்படித்தான். எது என்று சீக்கிரம் சொல்லும். கழுதை வெயிலில் நிற்கிறது."

"தெரியாதுங்க!" என்று அலறினார் நீலமேகம். "படத்தைப் பார்த்து எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! வாரன்டி செல்லும்! புதுச் சைக்கிளை வெச்சுக்குங்க! என்னை விட்டிருங்க!"

கோட்டு ஒரு பக்கம் பறக்க அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துச் சபையே சிரித்தது. சுடலைமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவனிடம் போட்டார். "மகள் கல்யாணத்துக்கு வச்சுக்கோடா!" அறம்வளர்த்தாளுக்கு ஒரு பட்டுச்சேலை வந்தது.

தொந்தி குலுங்கச் சிரித்து முடித்த ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சைக்கிளை நேரில் பார்க்காமல், வெறும் படத்தைப் பார்த்து ஒருத்தனை ஊரைவிட்டே துரத்தப் பார்த்தானே! இப்படியும் ஒரு மடையன் உண்டா, அறம்வளர்த்தாள்?"

அறம்வளர்த்தாள் சேலையைப் பத்திரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அவராவது படத்தைப் பார்த்தார், மகாராஜா."