ஆறாவது குஞ்சின் ஓட்டம்

குளிர்தேசத்து நகரம் ஒன்றில் அமுதநம்பி என்ற துறவி இருந்தார். முப்பது வயதுகூட நிறையவில்லை. அவரிடம் தியானம் பழக வந்தவர் யோகமலர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறவியைவிட இருமடங்கு வயது.

ஒரு நாள் யோகமலர் சொன்னார். "சுவாமி, எனக்குத் தியானம் வராது. நின்றுவிடப் போகிறேன்."

"ஏன் அம்மா?"

"கண்ணை மூடினால் அன்னக்குஞ்சுகள் நீந்துகின்றன. பூங்கா ஏரியில் ஆறு பொரித்திருக்கின்றன. சாம்பல் நிறம். அலுத்துப்போனால் தாயின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. விடிந்ததும் ஓடிப்போய் ஆறையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்குக் காப்பி இறங்குகிறது. பற்றை விடச் சொன்னீர்கள். நானோ இந்த வயதில் புதிதாக ஆறு சேர்த்துக்கொண்டு நிற்கிறேன்."

துறவி எழுந்துவிட்டார்.

"முதுகில் ஏறுமா? நான் பார்த்ததே இல்லையே. வாருங்கள், போவோம்."

அன்று முதல் இருவரும் தினமும் போனார்கள். குஞ்சுகளுக்குக் கழுத்து நீண்டது. இறக்கை முளைத்தது. ஒரு முறை பெரிய நாய் ஒன்று தண்ணீரில் குதித்தது. தகப்பன் அன்னம் இறக்கையை விரித்துச் சீறிக்கொண்டு வந்த வேகத்தில் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு கரையேறியது. யோகமலர் கைதட்டினார். துறவி விசிலடித்தார்.

இலையுதிர் காலம் வந்ததும் தகப்பன் மாறிப்போனது. தான் காத்து வளர்த்த பிள்ளைகளையே கொத்தித் துரத்தியது. ஒவ்வொன்றாக ஐந்து பறந்துபோயின. எல்லாவற்றிலும் சிறியதான ஆறாவது மட்டும் தவித்தது.

தண்ணீரின்மேல் வெகுதூரம் ஓடினால்தான் அன்னத்தால் எழும்ப முடியும். அந்த வாரம் ஏரியின் நடுவே மிதிபடகுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். குஞ்சு ஓடும். பாதியில் படகு குறுக்கே நிற்கும். திரும்பி வந்தால் தகப்பன் கொத்தும். குஞ்சின் கழுத்தில் இரத்தம்.

மறுநாள் காலை ஏரியின் ஓரத்தில் பனிக்கட்டி படிந்திருந்தது. யோகமலர் ஒரு தடித்த போர்வையோடு வந்தார்.

"எதற்கு அம்மா இது?"

"பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். குளியல்தொட்டி இருக்கிறது. குளிர் போகும்வரை என்னோடு இருக்கட்டும். தடுக்காதீர்கள், சுவாமி."

"தடுக்கவில்லை. அதற்கு முன் எனக்கு ஒரு கை கொடுங்கள்."

துறவி நேரே படகுக்காரரிடம் போனார். "இந்தப் படகுகளை எப்போது கரையேற்றுவீர்கள்?"

"அடுத்த வாரம். இப்போது ஆள் இல்லை."

"இரண்டு பேர் இருக்கிறோம்."

படகுக்காரர் யோகமலரை ஏற இறங்கப் பார்த்தார். யோகமலர் போர்வையைப் புல்லில் எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

பதினொரு படகுகள். துறவியின் காவி இடுப்புவரை நனைந்தது. யோகமலரின் கைகள் சிவந்து விறைத்தன. கடைசிப் படகு கரை தட்டியபோது, எதிர்க்கரையில் உயர்ந்து நின்ற மரங்கள்வரை ஏரி வெறிச்சென்று திறந்து கிடந்தது.

தகப்பன் சீறியது. குஞ்சு ஓடத் தொடங்கியது.

"ஓடு! ஓடு! நிற்காதே!"

கத்தியது துறவிதான். கரையோரமாக அதற்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் யோகமலர். அவருக்குப் பின்னால் படகுக்காரர். பட், பட், பட் என்று பாதங்கள் தண்ணீரை அறைந்தன. படகுகள் நின்ற இடத்தைத் தாண்டியது. எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது!

"மரம்! ஐயோ, மரம்!" என்றார் யோகமலர்.

கழுத்தை நீட்டி, ஒரு பக்கம் சாய்ந்து, உச்சிக் கிளைகளை உரசுவதுபோல் ஏறி, அப்பால் போய் மறைந்தது.

மூவரும் ஆரவாரம் செய்தார்கள். படகுக்காரர் துறவியைத் தூக்கியே விட்டார்.

யோகமலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே, சுவாமி."

துறவிக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"பார்த்திருந்தால் மரத்தில் மோதியிருக்கும், அம்மா."